கணினிக்குக் கைகாட்டி தந்தவர்

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1930ஆம் ஆண்டு நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் பிறந்தார். லைடன் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டே, 1952இல் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் நிரலாளராகச் சேர்ந்தார். அப்படியொரு தொழில் இருப்பதையே அன்று பலர் அறியவில்லை. 1957இல் தம் திருமணப் பதிவில் நிரலாளர் என்று அவர் குறிப்பிட்டதை அதிகாரிகள் ஏற்க மறுத்தனர். இயற்பியலாளர் என்றே பதிய நேர்ந்தது.

ஆயினும், அவர் அத்தொழிலைக் கைவிடவில்லை. 1960களில் ஒரே கணினியில் பல நிரல்களை ஒருசேர இயக்கும் முறை பரவியது. அதனால் புதிய சிக்கல் எழுந்தது. ஒரு கணக்கில் 100 வெள்ளி இருப்பதாகக் கொள்வோம். அதில் தலா 50 வெள்ளி சேர்க்க வேண்டிய இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் அத்தொகையைப் படித்தால், இரண்டுமே 150 என எழுதிவிடும். 50 வெள்ளி காணாமற்போகும்!

இதற்கு டைக்ஸ்ட்ரா ஒரு தீர்வு கண்டார். இரயிலை நிறுத்தவும் வழிவிடவும் உதவும் கைகாட்டியின் பெயரையே அதற்குச் சூட்டினார். ஒரு நிரல் கணக்கைத் திருத்தும்போது கைகாட்டி வழியை அடைத்துவிடும். அடுத்த நிரல் கணினியின் நேரத்தை வீணாக்காமல் உறங்கிக் காத்திருக்கும். முதல் நிரல் தன் வேலையை முடித்ததும் வழி திறக்கும். உறங்கிய நிரல் விழித்தெழும். ஐந்தோவன் நகரில் தம் குழுவினருடன் உருவாக்கிய இயங்குதளத்தில் அவர் இம்முறையைப் பயன்படுத்தினார்.

1972இல் கணினித்துறையின் உயரிய டூரிங் விருது அவரைத் தேடி வந்தது. 2002இல் அவர் மறைந்தார். அவர் தந்த கைகாட்டியோ இன்றும் இயங்குதளங்களில் ஓயாமல் பணியாற்றுகிறது.