பாரதிதாசன் வாழ்வும் பழந்தமிழ்ச் சான்றுகளின் புனைவாக்கமும்

புதுவையில் கனகசபை முதலியார், இலக்குமி அம்மாள் இணையருக்கு 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் பிறந்தவர் சுப்புரத்தினம். தமிழ் அச்சு வரலாற்றில் அவ்வாண்டு கருதத்தக்கது. சிலப்பதிகாரத்தை உ.வே.சாமிநாதையர் 1892இலும், புறநானூற்றை 1894இலும், மணிமேகலையை 1898இலும் பதிப்பித்தார். ஆகவே, பழந்தமிழ் நூல்களை இளமையிலேயே அச்சேட்டில் காணும் வாய்ப்புப் பெற்ற முதல் தலைமுறையைச் சார்ந்தவர் பிற்காலப் பாரதிதாசன். அந்நூல்கள் சுட்டும் பண்டைய உலகைக் கதையாகவும் நாடகமாகவும் மீட்டமைத்த அவருடைய முயற்சி, அவர்தம் வாழ்க்கைப் போக்கோடு பிரிக்கவியலாதவாறு பிணைந்துள்ளது.

திருப்புளிசாமி ஐயாவிடம் தொடக்கக் கல்வி பெற்ற அவர், பு.அ.பெரியசாமிப் பிள்ளை, பங்காரு பத்தர் ஆகியோரிடம் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். கல்வே கல்லூரியில் தமிழ் பயின்று, 1909இல் காரைக்காலை அடுத்த நிரவியில் பிரெஞ்சு அரசின் தமிழாசிரியராகப் பணியேற்றபோது அவருக்கு வயது பதினெட்டு. ஓய்வு பெற்றது 1946இல். ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுகள் பாடலுக்குப் பொருள் சொல்லியே வாழ்ந்தவர், சொல்லுக்குச் சொல் நின்று சான்றை எடைபோடும் பழக்கம் கொண்டிருந்ததில் வியப்பில்லை. அவர்தம் புனைவுகளை உணர்ச்சிப் பெருக்கின் விளைவாக மட்டும் காணும் திறனாய்வு, இவ்வாசிரியப் பயிற்சியைக் கணக்கில் கொள்வதில்லை.

பாரதியார் 1908இல் புதுவை வந்து பத்தாண்டுகள் தங்கினார். அவர்பால் கொண்ட பற்றால் சுப்புரத்தினம் பாரதிதாசன் ஆனார். பழங்கதையொன்றைச் சமகால அரசியலின் கண்கொண்டு மறுபடியும் சொல்லலாம் என்பதற்குரிய முன்மாதிரியும் அங்கேயே கிடைத்தது. பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் 1912இல் வெளிவந்தது. ஆயினும் மாணவர் ஆசானினும் ஒரு படி கடந்து சென்றார்; கதையின் முடிவையே மாற்றத் துணிந்தார்.

1937இல் வெளிவந்த புரட்சிக்கவி இதற்குத் தக்க சான்று. பதினோராம் நூற்றாண்டுக் காசுமீரக் கவிஞர் பில்கணரைப் பற்றி வழங்கிய கதையே அதன் மூலம். கற்பிப்பவன் குருடன் என்று இளவரசிக்கும், கற்பவள் தொழுநோயாளி என்று கவிஞனுக்கும் சொல்லி, இடையே திரையிட்ட சூழ்ச்சியை அவர் அப்படியே வைத்துக்கொண்டார். ஆனால் காதலர் உயிர்பிழைப்பதற்கு மன்னனின் மனமாற்றத்தை நாடவில்லை. கொலைக்களத்தில் கூடிய மக்களே எழுந்து தீர்ப்பை மாற்றுகின்றனர்; முடியாட்சி நீங்குகிறது. ஓராண்டுக்கு முன்னர், 1936 ஜூலை 30 அன்று, புதுவைச் சவானா ஆலைத் தொழிலாளர் மீது நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் பன்னிருவர் மாண்டிருந்தனர் என்பதையும் ஒருங்கு வைத்து எண்ணுதல் தகும்.

சங்கச் சான்றுகளை ஆளும் அவர் முறையைத் தெளிவாக உணர்த்துவது 1949இல் வந்த சேரதாண்டவம் என்னும் நாடகம். ஆட்டனத்தி, ஆதிமந்தி வரலாறு முழுமையாக எந்நூலிலும் இல்லை. குறுந்தொகை 31ஆம் பாடல், தன் தலைவனைத் தேடும் ஆடுகள மகளின் கூற்று. அதனை ஆதிமந்தியார் பாடியதாகக் குறிப்பு உள்ளது. அகநானூற்றில் பரணர் காவிரிப் புனல் ஆட்டனத்தியைக் கவர்ந்ததைப் பல இடங்களில் சுட்டுகிறார். 222ஆம் பாடலில் மருதி என்பாள் அவனைக் காட்டித் தந்து தான் கடலிற் புக்கதைச் சொல்கிறார். சிலப்பதிகார வஞ்சினமாலையோ பெயர்களைச் சொல்லாது, கரிகாலன் மகள் என்றும் வஞ்சிக்கோன் என்றும் மட்டும் குறிக்கிறது. மருதிக்கு அங்கே இடமில்லை. புனலில் மறைந்தவன் ஆடுநனா அரசனா என்ற வினா இவற்றிடையே எழுகிறது. பாரதிதாசன் நாடகத்திற்கு இட்ட பெயரே இவ்வினாவுக்கு விடையாகிறது: சேரனே ஆடுகிறான். இரண்டு சான்றுகளுள் ஒன்றைத் தள்ளாது இரண்டையும் ஒருவன்மேல் ஏற்றிய இத்தீர்வு, உரையாசிரியர் மரபுக்கு அணுக்கமானது.

அதே ஆண்டுகளில் புதுவைக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு அகழப்பட்டுக்கொண்டிருந்தது. 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1947-48இல் கசாலும் நடத்திய ஆய்வுகள் உரோமானிய மதுச்சாடிகளையும் அரெத்தைன் மட்கலங்களையும் வெளிக்கொணர்ந்து, சங்கப் பாடல்களின் யவன வாணிகத்துக்கு மண்ணின் சான்றளித்தன. பாரதிதாசனின் பண்டைய உலகமோ பெரும்பாலும் ஏட்டிலிருந்து எழுந்தது. கல்வெட்டும் பயணக் குறிப்பும் இலங்கை வரலாறும் கொண்டு கதை நெய்த கல்கியின் வழி வேறு; ஒரு பாட்டின் துறையையும் அடிக்குறிப்பையும் கொண்டு மனிதரை எழுப்பிய இவர் வழி வேறு.

பிசிராந்தையார் நாடகம் இவ்வழியின் உச்சம். இதற்குரிய பாடல்கள் புறநானூற்றில் 67, 184, 191, 212 முதல் 223 வரை சிதறிக் கிடக்கின்றன. பழைய உரை கிடைக்கும் பகுதிக்குள் இவை அனைத்தும் அடங்குவது நாடக ஆசிரியருக்கு வாய்த்த நலம். எனினும் களத்தில் ஓர் இடர் உண்டு. ஆந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் நேரிற் காணாமலே நட்புக் கொண்டவர். ஒருவர் பாண்டி நாட்டில், மற்றவர் உறையூரில். சோழன் வடக்கிருக்கும் வேளையில்தான் நண்பர் வருகிறார். எதிரெதிர் நின்று பேசாத இருவரைக் கொண்டு நாடகம் நடத்துவது எவ்வாறு? மூலத்திலேயே அதற்கு வழி உள்ளது. 184ஆம் பாடல் ஆந்தையாரைப் பாண்டியன் அறிவுடை நம்பியின் முன் நிறுத்தி, வரி கொள்ளும் நெறியை யானை புக்க வயலோடு ஒப்பிட்டு உரைக்கச் செய்கிறது. 191ஆம் பாடல் அவர்தம் மனைவி, மக்கள், ஊர்ச்சான்றோர் என ஒரு குடும்பத்தையும் ஊரையும் காட்டுகிறது. 213ஆம் பாடல் சோழனுக்கும் அவன் மக்களுக்கும் இடையே மூண்ட பகையைத் தருகிறது. காணா நட்பு எனும் அசையாத நடுவைச் சுற்றி இம்மூன்றும் இயங்குதற்குரியன.

சான்று குறைந்த இடத்தில் நிரப்பியவர், நிறைந்த இடத்தில் களைந்தார். 1962இல் வெளிவந்த கண்ணகி புரட்சிக் காப்பியம் பகுத்தறிவுக்கு ஒவ்வாதவற்றை விலக்கி எழுதப்பட்டது. அதனால் கோவலன் கொலைக்குப் பொற்கொல்லன் வஞ்சமும் மன்னன் ஆராயாமையுமே பொறுப்பாகின்றன. அரசியல் குற்றம் துலக்கமடைகிறது. இளங்கோவின் ஊழ் தந்த அவலத்தின் ஆழம் இதில் குன்றியதும் உண்மையே. இவ்விழப்பைப் போற்றுநர் மறைப்பதும், ஆக்கத்தை மறுப்போர் மறைப்பதும் ஒருங்கே முறையன்று.

திரையுலகும் அவரை ஈர்த்தது. எதிர்பாராத முத்தம் 1950இல் பொன்முடி ஆயிற்று; எழுபத்திரண்டு பாடல்களே எஞ்சிய வளையாபதியின் பெயரில் 1952இல் வந்த படத்துக்கும் அவர் எழுதினார். 1943இல் இயற்றிய பாண்டியன் பரிசு, பேழையொன்றைத் தேடும் கதையைப் புனைந்த நாட்டில் நிகழ்த்தும் காப்பியம். அதனைப் படமாக்கும் நோக்கோடு, எழுபது வயதில், 1961இல் புதுவையை விட்டுச் சென்னை சென்றார். படம் நிறைவேறவில்லை. 1964 ஏப்ரல் 21 அன்று அவர் சென்னையில் மறைந்தார். உடல் புதுவைக்குக் கொண்டுவரப்பட்டது. பிசிராந்தையார் நாடகத்துக்கு 1969ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருது அறிவிக்கப்பட்டபோது, பெற்றுக்கொள்ள அவர் இல்லை.