இயந்திரத்துக்கு வார்த்தை கற்பித்த பெண்மணி

கம்ப்யூட்டருக்கு எண் மட்டுமே தெரியும். மனிதர் பேசும் வார்த்தை தெரியாது என்று நிபுணர்கள் சாதித்த காலம் ஒன்று உண்டு.

வார்த்தையையும் கற்பிக்க முடியும் என்று செய்து காட்டியவர் ஒரு பெண். கல்லூரியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். வேலை பார்த்த கம்பெனியில் மேலதிகாரிகள் முடியாது என்று கைவிரித்தபோதும் சளைக்காதவர்.

அவர் பெயர் கிரேஸ் ஹாப்பர்.

7 கடிகாரங்கள்

அமெரிக்காவில் நியூயார்க் நகரில் 1906-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி கிரேஸ் பிறந்தார்.

அப்போது அவருக்கு 7 வயது. அலாரம் கடிகாரம் எப்படி மணி அடிக்கிறது என்று அறிய ஆசை. ஒன்றைக் கழற்றினார். திரும்ப மாட்டத் தெரியவில்லை. இன்னொன்றைக் கழற்றினார். இப்படியே வீட்டிலிருந்த 7 கடிகாரங்களும் துண்டு துண்டாகி விட்டன!

தாயார் பார்த்தார். இனிமேல் ஒரே ஒரு கடிகாரத்தைத்தான் தொடலாம் என்று உத்தரவு போட்டார். அறியும் ஆசைக்குத் தடை போடவில்லை.

கிரேஸ் நன்றாகப் படித்தார். 1934-ம் ஆண்டில் ஏல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பெண்கள் அந்தப் பட்டம் பெறுவது அபூர்வமாக இருந்த காலம் அது. தாம் படித்த வாசர் கல்லூரியிலேயே ஆசிரியை ஆனார்.

கப்பற்படையில்

இரண்டாவது உலக யுத்தம் மூண்டது. கப்பற்படையில் சேர கிரேஸ் விரும்பினார்.

வயது அதிகம் என்றார்கள். உடல் எடையும் போதாது. 15 பவுண்டு குறைவு! கிரேஸ் விடவில்லை. விசேஷ அனுமதி வாங்கி, 1943-ம் ஆண்டில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 37.

பயிற்சி முடிந்ததும் 1944-ம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே மார்க்-1 என்ற ராட்சதக் கணக்கு இயந்திரம் இருந்தது. 51 அடி நீளம். 8 அடி உயரம். காகித நாடாவில் துளை போட்டுத்தான் அதற்குக் கட்டளை கொடுக்க வேண்டும்.

அந்தத் துளைகளின் பாஷையை கிரேஸ் கற்றார். கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதிய முதல் சிலரில் ஒருவரானார். இயந்திரத்தை எப்படி இயக்குவது என்று 500 பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரு புத்தகமும் தயாரித்தார்.

பாங்குக் கணக்கில் குழப்பம்

1949-ம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் ஒரு சிறு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். யூனிவாக் என்ற புதிய கம்ப்யூட்டரை அந்தக் கம்பெனி உருவாக்கிக் கொண்டிருந்தது. கையில் பணம் இல்லாமல் அது திண்டாடியது. மறு ஆண்டே, டைப்ரைட்டர் தயாரித்து வந்த ரெமிங்டன் ராண்டு என்ற பெரிய கம்பெனி அதை வாங்கிவிட்டது.

அங்கே இருந்த ஓர் இயந்திரத்துக்காக கிரேஸ் எட்டு எட்டாக எண்ணப் பழகினார். அந்த முறையில் 7-க்கு அடுத்தது 10. எட்டும் இல்லை, ஒன்பதும் இல்லை!

மாதக் கடைசியில் அவருடைய பாங்குக் கணக்கு ஒத்து வரவில்லை. சகோதரரிடம் காட்டினார். சில இடங்களில் கிரேஸ் எட்டுக் கணக்கில் கழித்திருந்தது தெரிந்தது. இயந்திரத்தின் கணக்கு அவர் வீட்டுக் கணக்கிலும் புகுந்து விட்டது!

கணித டாக்டருக்கே இந்தக் கதி என்றால், சாதாரண குமாஸ்தா என்ன செய்வார்? மனிதன் எதற்காக இயந்திரத்தின் பாஷையைக் கற்க வேண்டும்? இயந்திரம் மனிதனின் பாஷையைக் கற்கட்டுமே! கிரேஸின் சிந்தனை இப்படி ஓடியது.

யாரும் நம்பவில்லை

அந்நாளில் ஒவ்வொரு வேலைக்கும் கட்டளைகளை முதலிலிருந்து எழுத வேண்டும். முன்பு எழுதியவற்றை நோட்டுப் புத்தகத்திலிருந்து பார்த்துக் காப்பி எடுப்பார்கள். ஓர் எண் பிசகினாலும் வேலை கெட்டுவிடும்.

சமையலறையில் டப்பாக்களுக்குப் பெயர் ஒட்டி வைக்கிறோம். பெயரைச் சொன்னால் எதுவென்று உடனே தெரிகிறது. கிரேஸ் செய்ததும் அதுதான். அடிக்கடி தேவைப்படும் கட்டளைகளை நாடாவில் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் கொடுத்தார். அடையாளத்தைச் சொன்னால் போதும். இயந்திரமே தேடி எடுத்துக் கோத்துக் கொள்ளும்.

1952-ம் ஆண்டில் இது இயங்கியது. இதற்குக் கம்பைலர் என்று பெயர்.

ஆனால் யாரும் நம்பவில்லை! கம்ப்யூட்டர் கூட்டும், கழிக்கும். தனக்குத் தானே கட்டளை எழுதாது என்றார்கள்.

அடுத்து ஆங்கில வார்த்தைகளிலேயே கட்டளை கொடுக்கலாம் என்றார் கிரேஸ். கணித நிபுணருக்குக் குறியீடுகள் பிடிக்கும். சம்பளப் பட்டியல் போடும் அலுவலகத்தாருக்கு வார்த்தைகள்தானே பழக்கம்? கம்ப்யூட்டருக்கு ஆங்கிலம் புரியாது என்று மேலிடம் மறுத்தது.

திடுக்கிட்ட அதிகாரிகள்

வாதாடிப் பயனில்லை என்று கண்ட கிரேஸ், செய்து காட்டினார். ஆங்கில வார்த்தைகளில் கட்டளை கொடுத்தார். இயந்திரம் வேலை செய்தது. அதே கட்டளையைப் பிரெஞ்சு, ஜெர்மன் வார்த்தைகளிலும் கொடுத்தார். அப்போதும் வேலை செய்தது.

அதிகாரிகள் பாராட்டவில்லை. திடுக்கிட்டார்கள்! அமெரிக்காவில் செய்த இயந்திரத்துக்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் எப்படிப் புரியும் என்று கலங்கினார்கள். இயந்திரத்துக்கு எல்லா மொழியும் வெறும் அடையாளமே என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. ஆங்கிலம் மட்டும்தான் என்று கிரேஸ் உறுதி கூற வேண்டியதாயிற்று. இந்த வேடிக்கையைப் பின்னாளில் அவரே சொல்லிச் சிரிப்பார்.

கடைசியில் ஃப்ளோமேட்டிக் என்ற மொழி பிறந்தது. படி, ஒப்பிடு, எழுது என்று பொருள்படும் ஆங்கில வார்த்தைகளால் யூனிவாக்குக்குக் கட்டளை இட முடிந்தது.

கோபோல் பிறந்தது

இன்னொரு தொல்லை இருந்தது. ஒரு கம்பெனியின் இயந்திரத்துக்கு எழுதிய கட்டளை, மற்றொரு கம்பெனியின் இயந்திரத்தில் ஓடாது. இயந்திரத்தை மாற்றினால் எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும்.

1959-ம் ஆண்டில் அமெரிக்க ராணுவத் தலைமையகத்தில் சர்க்கார் அதிகாரிகளும் கம்பெனிப் பிரதிநிதிகளும் கூடினார்கள். எல்லா இயந்திரத்துக்கும் பொதுவான மொழி வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் கோபோல். அதை வகுத்தவர்கள் பலர். கிரேஸ் ஆலோசகர். கோபோலுக்கு முக்கிய முன்மாதிரி, அவருடைய ஃப்ளோமேட்டிக்!

1960-ம் ஆண்டு டிசம்பரில் இரண்டு கம்பெனிகளின் இரு வேறு இயந்திரங்களில் ஒரே கட்டளைத் தொகுப்பு ஓடியது.

சொல் மலிந்த மொழி என்று பண்டிதர்கள் சிலர் கோபோலை ஏளனம் செய்தார்கள். ஆனால் பாங்குகளும் சர்க்கார் அலுவலகங்களும் அதை ஏற்றுக் கொண்டன.

ஓய்வு இல்லாத ஓய்வு

1966-ம் ஆண்டு முடிவில் கப்பற்படை அவருக்கு ஓய்வு கொடுத்தது. சில மாதங்களே சென்றன. கப்பற்படையின் கம்ப்யூட்டர் மொழிகளை ஒழுங்குபடுத்த ஆள் தேவைப்பட்டது. ஆறு மாத வேலைக்கு என்று கிரேஸை மீண்டும் அழைத்தார்கள். அந்த ஆறு மாதம் ஏறக்குறைய 19 ஆண்டுகளாக நீண்டது!

வழக்கமாக இப்படித்தான் செய்கிறோம் என்ற பதிலை அவர் அறவே வெறுத்தார். அவரது அறையில் ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. அதன் முள் இடப்பக்கமாகச் சுற்றும். ஆனாலும் மணியைச் சரியாகக் காட்டும். வழக்கம் வேறு, அவசியம் வேறு என்பதற்கு அதுவே பாடம்.

1986-ம் ஆண்டு ஆகஸ்டு 14-ந் தேதி, ரியர் அட்மிரல் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். அப்போது வயது 79. பிறகும் சும்மா இருக்கவில்லை. ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஆலோசகரானார். 1992-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி, 85-வது வயதில் காலமானார்.

அவர் பெயரைத் தாங்கி ஒரு போர்க்கப்பல் கடலில் செல்கிறது. உலகின் பல பாங்குகளில் கோபோல் இன்றும் கணக்குப் பார்க்கிறது.

கம்ப்யூட்டர் சில மேதைகளுக்கு மட்டும் சொந்தமாக இருந்த காலத்தில், அது எல்லோருக்கும் விளங்க வேண்டும் என்று கிரேஸ் ஹாப்பர் நினைத்தார். இன்று அலுவலகக் குமாஸ்தாவும் அதனுடன் பழகுகிறார். அதற்குப் பாதை போட்டவர்களில் அவர் முதல் வரிசையில் நிற்கிறார்.