பட்டிக்காட்டில் நடந்த கல்யாணம்

1940-ம் ஆண்டு நவம்பர் மாதம் 7-ந் தேதி. மத்திய இந்தியாவில் வார்தா நகரத்துக்கு ஐந்து மைல் தள்ளி ஒரு பட்டிக்காடு. பெயர் சேவாகிராமம். அங்கே ஒரு கல்யாணம் நடந்தது.

மணமகள் மதுரைக்காரர். மணமகன் மலையாளி. இருவருக்கும் வயது 36. முன் நின்று நடத்தி வைத்தவர்கள் காந்தியும் கஸ்தூர்பாவும்.

மணமகளின் பெயர் டாக்டர் சவுந்தரம். டி.வி.எஸ். பஸ் கம்பெனியை உண்டாக்கிய டி.வி.சுந்தரம் அய்யங்காரின் மகள். அந்தத் தகப்பனார் மனம் வைத்திருந்தால், மதுரையில் தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருக்கலாம். நாதசுரம் கேட்க ஊரே கூடியிருக்கும். பணத்துக்கா பஞ்சம்? ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது இரண்டாவது கல்யாணம்.

முதல் கல்யாணம்

சவுந்தரம் 1904-ல் பிறந்தார். அந்தக் கால வழக்கப்படி சிறு வயதிலேயே மணம் முடித்து விட்டார்கள். கணவர் சவுந்தரராஜன் உறவுக்காரர், டாக்டர். நல்ல மனிதர். பிளேக் நோயாளிகளுக்கு வைத்தியம் செய்யப் போன இடத்தில் அந்த நோய் அவரையே பற்றிக் கொண்டது. இளம் வயதில் போய்ச் சேர்ந்தார். மனைவி மேலே படிக்க வேண்டும் என்பது அவர் கடைசி ஆசை.

விதவை என்றால் அப்போது என்ன நிலைமை என்பதைத் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாட்டிமார்களைக் கேட்டவர்கள் அறிவார்கள். காவிரிக் கரை அக்கிரகாரத்தில் பணக்கார வீட்டுக் கல்யாணம் ஐந்து நாள் நடக்கும். ஊஞ்சலில் உட்கார வைத்துப் பாடுவார்கள். பாயசமும் பட்சணமுமாக ஊர் மணக்கும். ஐந்தாம் நாள் பந்தலைப் பிரித்த பிறகு, மாப்பிள்ளைப் பையன் காய்ச்சலில் இறந்து விட்டால், பொம்மை வைத்து விளையாடும் பெண்ணின் வாழ்க்கையும் அதோடு முடிந்தது. தலைமயிர் போய் விடும். வெள்ளைச் சேலை. ஒரு வேளைச் சாப்பாடு. இன்னொரு கல்யாணம் என்ற பேச்சே கிடையாது.

இதை மாற்றப் பார்த்தவர்களில் ஒருவர் வலங்கைமானில் பிறந்தவர். ரைட் ஆனரபிள் சீனிவாச சாஸ்திரியார்தான் அவர். பெண் வயதுக்கு வந்த பிறகு மணம் செய்வதற்கு இடம் கொடுக்கும் மசோதா ஒன்றை 1914-ல் சென்னைச் சட்டசபையில் கொண்டு வந்தார். அது சட்டமாகவில்லை. பிறகு 1929-ல் சாரதா சட்டம் வந்துதான் பெண்ணுக்கு 14 வயது என்று வரம்பு கட்டியது. சவுந்தரத்துக்கு அந்தச் சட்டத்தால் பயன் இல்லை. அதற்குள் அவர் தாலி கட்டி, தாலி இழந்தும் விட்டார்.

டெல்லியில் படிப்பு

ஆனாலும் அவர் மூலையில் உட்காரவில்லை. டெல்லிக்குப் போய் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1936-ல் டாக்டர் பட்டம் பெற்றார். வயது 32.

அங்கே சுசீலா நய்யார் அவருக்குத் தோழி. காந்தியின் வைத்தியராக விளங்கியவர் அவர். ஜி.ராமச்சந்திரன் அறிமுகமானதும் டெல்லியில்தான். இவர் நெய்யாற்றின்கரைக்காரர், தாகூரின் சாந்திநிகேதனில் படித்தவர், காந்தியிடம் பக்தி கொண்டவர்.

இருவரும் மணந்து கொள்ள விரும்பினார்கள். பெண் அய்யங்கார், அதிலும் விதவை. பிள்ளை வேறு சாதி, வேறு பாஷை. பெற்றோர் சம்மதிக்கவில்லை. மகளைப் படிக்க அனுப்பிய வீட்டுக்கே இது தாங்க முடியாததாக இருந்தது.

விஷயம் காந்தியிடம் போயிற்று. அவர் உடனே ஆசி கூறிவிடவில்லை. ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும், கடிதம் கூட எழுதக் கூடாது என்று நிபந்தனை போட்டார். கேட்பதற்குக் கடுமையாக இருக்கிறது. ஆனால் சொந்தப் பிள்ளைக்கும் அவர் சலுகை காட்டியவர் அல்ல. ராஜாஜியின் மகள் லட்சுமியை மணக்க தேவதாஸ் ஐந்து வருடம் காத்திருந்தார். 1933-ல்தான் அவர்கள் கல்யாணம் நடந்தது.

சவுந்தரமும் ராமச்சந்திரனும் சொன்னபடி ஒரு வருடத்தைக் கழித்தார்கள். மனம் மாறவில்லை.

சேவாகிராமம்

காந்தி அந்தக் கிராமத்துக்கு 1936-ல்தான் குடி போனார். அப்போது ஒழுங்கான சாலை கிடையாது. மழை பெய்தால் முழங்கால் சேறு. சுற்றிலும் பருத்திக்காடு. மலேரியா காய்ச்சல் காந்தியையே படுக்கப் போட்டது. பாம்பு வரும். அடிக்கக் கூடாது, இடுக்கியால் பிடித்துப் பெட்டியில் அடைத்துத் தூரத்தில் விட வேண்டும் என்பது ஆசிரமத்துச் சட்டம். வீடுகள் மண் சுவர்க் குடிசைகள். பிரார்த்தனை திறந்த வெளியில், வானத்துக்குக் கீழே நடக்கும்.

நாளும் சாதாரண நாள் அல்ல. அக்டோபர் 17-ந் தேதி வினோபா தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கி வைத்தார். 31-ந் தேதி நேரு கைதானார். தலைவர்கள் ஒவ்வொருவராகச் சிறைக்குப் போய்க் கொண்டிருந்த வாரங்களில்தான் இந்தக் கல்யாணம் நடந்தது.

பட்டு இல்லை, சீர்வரிசை இல்லை. காந்தியும் கஸ்தூர்பாவும் நூற்ற நூலில் நெய்த வேட்டியும் சேலையும்தான் மணமக்களுக்குக் கிடைத்த சீர்.

அந்தச் சேலையைக் கொடுத்த கஸ்தூர்பா 1944-ல் காவலில் இருந்தபடியே இறந்தார். அவர் பெயரில் சேர்ந்த நிதிக்குத் தமிழ்நாட்டுப் பொறுப்பைக் காந்தி சவுந்தரத்திடம் கொடுத்தார். 1947-ல் திண்டுக்கல் பக்கம் சின்னாளபட்டி அருகே காந்திகிராமம் உருவாயிற்று. கணவனும் மனைவியும் சேர்ந்து வளர்த்தார்கள். சிறிய வைத்தியசாலையாகத் தொடங்கியது, பிறகு கஸ்தூர்பா ஆஸ்பத்திரி ஆயிற்று. கிராமியக் கல்லூரி 1976-ல் பல்கலைக்கழக அந்தஸ்து பெற்றது. சவுந்தரம் எம்.எல்.ஏ. ஆனார், எம்.பி. ஆனார், மத்திய கல்வித் துணை மந்திரியும் ஆனார். 1984-ல் காலமானார்.

அவர் ஆதரவில் படித்துப் பட்டம் பெற்ற ஏழைப் பெண் ஒருவர் உண்டு. தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள். அவருக்கும் சர்வோதயத் தொண்டர் ஜகந்நாதனுக்கும் 1950-ல் அதே காந்திகிராமத்தில் எளிய முறையில் கல்யாணம் நடந்தது. 1968-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிந்த பிறகு, இந்தத் தம்பதிகள் கீழத் தஞ்சைக்கு வந்தார்கள். மிராசுதார்களிடம் பேசி நிலத்தை வாங்கி, கூலிக்கு நாற்று நட்ட பெண்களின் பெயரிலேயே பட்டா எழுதிக் கொடுத்தார்கள்.