சால்ட்குரோக்கன் தீவின் தாய்: அஸ்ட்ரிட் லிண்ட்கிரன்

சுவீடன் நாட்டுத் தொலைக்காட்சியில் 1964ஆம் ஆண்டின் முற்பகுதியில் 13 பாகங்களைக் கொண்ட சிறுவர் தொடரொன்று ஒளிபரப்பாகியது. 'சால்ட்குரோக்கனில் நாங்கள்' என்பது அதன் பெயர். ஸ்டொக்ஹோம் நகருக்கு அப்பால் பால்டிக் கடலில் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு தீவுகளில் ஒன்றே கதையின் களம். சால்ட்குரோக்கன் என்பது கற்பனைப் பெயர். படப்பிடிப்பு நடந்ததோ நொரோரா என்ற உண்மையான தீவில். ஓலே ஹெல்பொம் இயக்கிய அத்தொடரை எழுதியவர் அஸ்ட்ரிட் லிண்ட்கிரன். அவருடைய கதைகள் முதலில் நூலாகி, பின்னரே திரைக்குச் செல்வது வழக்கம். இதுவோ முதலில் திரைக்கென எழுதப்பட்டு, அதே ஆண்டில் நூலாகவும் வெளிவந்தது.

மெல்கர் என்ற எழுத்தாளர், முன்பின் பார்த்தறியாத ஒரு பழைய வீட்டைக் கோடை காலத்துக்கு வாடகைக்கு எடுத்து, தமது நான்கு பிள்ளைகளுடன் தீவுக்கு வருகிறார். கூரை ஒழுகுகிறது. தீவின் கடைக்காரருடைய மகள் சோர்வென், தன்னிலும் பெரிய நாயொன்றை அழைத்துக்கொண்டு, தானே தீவின் அதிபதி என்பதுபோல் உலவுகிறாள். கடல், படகு, மீன்பிடி, விளையாட்டு எனத் தொடர் நகர்கிறது. சுவீடன் மக்கள் அதனை வெயிலும் சிரிப்பும் நிறைந்த கோடையாகவே நினைவில் வைத்திருக்கின்றனர். ஆயினும் அக்குடும்பத்தில் தாய் இல்லை. கடைக்குட்டி பெல்லே பிறந்த வேளையில் அவள் இறந்துவிட்டாள். மூத்த மகள் மாலின்தான் தம்பியரைத் தாயாக இருந்து பார்த்துக்கொள்கிறாள். அவளும் திருமணமாகிப் போய்விடுவாளோ என்று அஞ்சும் பெல்லேயே, எமது பார்வையில், இக்கதையின் உயிர்.

இத்தகைய பிள்ளையின் அச்சத்தை அஸ்ட்ரிட் நன்கு அறிந்திருந்தார். 1907ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் திகதி, தென் சுவீடனின் விம்மர்பி என்ற சிற்றூரை அடுத்த நேஸ் பண்ணையில் அவர் பிறந்தார். குத்தகை விவசாயியான சாமுவேல் ஓகஸ்ட், ஹன்னா தம்பதியரின் நான்கு பிள்ளைகளில் இரண்டாமவர். தமது சிறுபிராயம் மகிழ்ச்சியானது என்றே அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

துன்பம் பதினெட்டு வயதில் வந்தது. உள்ளூர்ப் பத்திரிகையொன்றில் பயிலுநராகப் பணியாற்றிய வேளையில், அதன் ஆசிரியரால் அவர் கருவுற்றார். அம்மனிதர் ஏற்கெனவே திருமணமாகிப் பிள்ளைகள் பலருக்குத் தந்தையானவர். அவரை மணக்க அஸ்ட்ரிட் மறுத்தார். ஊர்வாய்க்கு அஞ்சி ஸ்டொக்ஹோம் சென்று, சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் பயின்றார். தந்தையின் பெயரைப் பதியாமலே பிள்ளை பெறக்கூடிய வைத்தியசாலை அயல்நாட்டுத் தலைநகரான கொப்பன்ஹேகனில் இருந்தது. 1926ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் திகதி அங்கு மகன் லார்ஸ் பிறந்தான். அவனை அந்நகரிலேயே ஒரு வளர்ப்புத் தாயிடம் ஒப்படைத்துவிட்டு அவர் திரும்ப வேண்டியதாயிற்று. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், சொற்பச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, இரவு ரயிலேறி மகனைப் பார்த்து வந்தார். வளர்ப்புத் தாய் நோயுற்றபோது, அதுவரை தான் அம்மா என்று நம்பியவளைப் பிரிந்து சிறுவன் வந்து சேர்ந்தான். பின்னர் நேஸில் பாட்டனார் வீட்டில் வளர்ந்தான். 1931இல் ஸ்டூரே லிண்ட்கிரனை அஸ்ட்ரிட் மணந்த பின்னரே தாயும் மகனும் ஒரே வீட்டில் வாழ முடிந்தது.

அவரது நூல்களில் தனித்த சிறுவர்கள் திரும்பத் திரும்ப வருவது தற்செயலன்று. 1954இல் வெளிவந்த 'மியோ, என் மகனே', 1956இல் வெளிவந்த அநாதைச் சிறுவன் ராஸ்முஸின் கதை ஆகியவற்றை வாசிப்போருக்கு அது புலனாகும். பெல்லேயும் அவர்களுடைய தம்பியே.

உலகப் புகழை அளித்த 'பிப்பி' பிறந்த கதை பலரும் அறிந்தது. 1941இல் நோயுற்றுப் படுத்திருந்த மகள் கரினுக்குச் சொன்ன கதை அது. 1944இல் பனியில் வழுக்கிக் கால் சுளுக்கிப் படுக்கையில் கிடந்தபோது அஸ்ட்ரிட் அதனை எழுதத் தொடங்கினார். பெரிய பதிப்பகமொன்று நிராகரித்தது; 1945இல் மற்றொன்று பரிசளித்து வெளியிட்டது. அந்த யுத்த ஆண்டுகளில் அவர் அரசின் தபால் தணிக்கைப் பிரிவில் பிறர் கடிதங்களை வாசிக்கும் இரகசியப் பணியில் இருந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஐரோப்பா எரிவதை அக்கடிதங்கள் வழியாக அவர் கண்டார். அக்காலத்தில் அவர் எழுதிய நாட்குறிப்புகள் 2015இல் நூலாயின.

1978இல் ஜேர்மன் புத்தக வர்த்தகத்தினரின் சமாதானப் பரிசு அவருக்குக் கிடைத்தது. உரையை முன்கூட்டியே பார்த்த ஏற்பாட்டாளர்கள், பரிசை மட்டும் பெற்றுச் செல்லுமாறு வேண்டினர். உரை இல்லையேல் வரவும் மாட்டேன் என்ற நிலைப்பாட்டில் அவர் நின்றார், அவர்கள் இணங்கினர். பிராங்பேர்ட்டில் அவர் சொன்னது ஒரு சிறுவனின் கதை. தவறு செய்த மகனை அடிக்க எண்ணிய தாய், பிரம்பு தேடி வருமாறு அவனையே அனுப்புகிறாள். நெடுநேரம் கழித்து அழுதபடி வந்த பிள்ளை, பிரம்பு கிடைக்கவில்லை, இதை என் மீது எறியலாம் என்று ஒரு கல்லை நீட்டுகிறான். தாய் மகனை அணைத்து அழுகிறாள். அந்தக் கல்லைச் சமையலறைத் தட்டில் வாழ்நாள் முழுவதும் வைத்திருக்கிறாள். அடியாத மாடு படியாது என்ற எண்ணம் ஐரோப்பாவிலும் ஆழ வேரூன்றியிருந்த காலம் அது. அடுத்த ஆண்டு, 1979இல், பிள்ளைகளை அடிப்பதைப் பெற்றோருக்கும் தடைசெய்த முதலாவது நாடாகச் சுவீடன் ஆனது.

கணவர் 1952இலும், மகன் லார்ஸ் 1986இலும் காலமாகினர். மகனை இழந்த துயரத்தின் பின்னரும் பண்ணை விலங்குகளின் நலனுக்காக அவர் பத்திரிகைகளில் போராடினார். 1988இல் நிறைவேறிய விலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவர் பெயராலேயே அறியப்படுகிறது.

2002ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் திகதி, தமது 94ஆவது வயதில், ஸ்டொக்ஹோம் இல்லத்தில் அவர் காலமானார். அவர் நினைவாகச் சுவீடன் அரசு அதே ஆண்டில் நிறுவிய சிறுவர் இலக்கியப் பரிசு, 2009இல் பலஸ்தீனப் பிள்ளைகளிடையே வாசிப்பை வளர்த்துவரும் தாமிர் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. அவரது உடல் விம்மர்பி மயானத்தில், பெற்றோருக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டது.