பைபிள் வகுப்பு கட்டாயம்.. ஆனால் மதமாற்றம் இலக்கு இல்லை! பாரிமுனையில் கல்லூரி நடத்திய வில்லியம் மில்லர் யார்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரை வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான். பிபிஏ சேர்ந்தால் வேலை கிடைக்குமா, பி.காம் சேர்ந்தால் கிடைக்குமா? சம்பளத்துக்கு உதவாத பாடத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்பு, இதே வடசென்னையின் வாசலான பாரிமுனையில், பட்டத்துக்கும் வேலைக்கும் தேவைப்படாத ஒரு பாடத்தை மாணவர்கள் அனைவருக்கும் கட்டாயமாக்கி ஒரு கல்லூரி நடந்தது. அந்தப் பாடம் பைபிள். படித்தவர்களில் பெரும்பாலானோர் இந்துக்கள். அந்தக் கல்லூரியை வளர்த்தவர்தான் வில்லியம் மில்லர்.

யார் இந்த மில்லர்?

1838ல் ஸ்காட்லாந்தின் வடகோடியில் உள்ள தர்சோ என்ற ஊரில், வசதியான வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். 1862ல், 24 வயதில் சென்னைக்கு வந்தார். அப்போது சென்னைக்குத் துறைமுகம் கட்டும் வேலையே தொடங்கவில்லை. ராயபுரம் ரயில் நிலையம் திறந்து 6 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

அவரிடம் ஒப்படைக்கப்பட்டது, ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்து பாதிரியார் 1837ல் ஜார்ஜ் டவுனில் தொடங்கிய பள்ளி. அங்கே சில மாணவர்கள் 1841ல் ஞானஸ்நானம் பெற்றதும், பயந்துபோன பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். மாணவர்கள் மதம் மாறினால் பள்ளி காலியாகும் என்பது அப்போதே தெரிந்த கதை.

பள்ளி கல்லூரியானது எப்படி?

சென்னைப் பல்கலைக்கழகம் 1857ல் தொடங்கியது. பட்டம் இருந்தால் அரசு உத்தியோகம் என்ற நிலை மெல்ல உருவானது. இதைப் புரிந்துகொண்ட மில்லர், 1865ல் பள்ளியுடன் கல்லூரி வகுப்புகளைச் சேர்த்தார். 1877ல் மற்ற மிஷன் சபைகளையும் கூட்டுச் சேர்த்து, மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி என்ற பெயரில் ஒரே நிறுவனமாக்கினார். வெளியூர் மாணவர்களுக்கு விடுதிகள் வந்தன. குடும்பச் சொத்திலிருந்தும் கல்லூரிக்குப் பணம் கொடுத்தார். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

இன்றைய பாஷையில் சொன்னால், மனுஷன் நல்ல மேனேஜர். ஆனால் அவர் கல்லூரியில் மேனேஜ்மென்ட் பாடம் கிடையாது. காரணம், அன்று வணிகத்துக்குப் பட்டப்படிப்பே இங்கு இல்லை. சென்னையில் அந்த வழியைத் திறந்தது அவருக்குப் பக்கத்துக் கட்டிடக்காரர்கள்தான். துபாஷியாக இருந்து பணம் சேர்த்த பச்சையப்ப முதலியாரின் அறக்கட்டளை, எஸ்பிளனேடில் பள்ளி நடத்திவந்தது. அதன் தர்மகர்த்தாக்கள் 1886ல் தொடங்கியதுதான் இந்தியாவின் முதல் வணிகப் பள்ளி எனப்படுகிறது. முழு வணிகக் கல்லூரிக்கு, 1913ல் பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரி வரும் வரை நாடு காத்திருக்க வேண்டியிருந்தது.

பைபிள் எதற்கு?

இங்கேதான் மில்லர் மற்ற மிஷனரிகளிடமிருந்து வேறுபட்டார். எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்ற கணக்கு கல்லூரிக்குத் தேவையில்லை என்பது அவர் நிலைப்பாடு. கிறிஸ்தவ சிந்தனை சமூகத்தில் மெதுவாக ஊறட்டும், ஆள் மாறுவது நம் வேலையில்லை என்று நினைத்தார். பாடம் நடத்தும் பாணியும் அதே மாதிரிதான். ஷேக்ஸ்பியரின் கிங் லியர் நாடகத்தையும் இந்திய அரசியலையும் இணைத்தே புத்தகம் எழுதியவர் அவர்.

இந்தக் கொள்கை இரண்டு பக்கமும் அடி வாங்கியது. மதம் மாறுபவர்கள் இவ்வளவு குறைவென்றால் காணிக்கைப் பணத்தை ஏன் கொட்ட வேண்டும் என்று சொந்தச் சபைக்காரர்களே கேட்டார்கள். மறுபுறம், இது மறைமுக மதமாற்றம்தான் என்று இந்துத் தலைவர்கள் சந்தேகப்பட்டார்கள்.

1888ல் வெடித்த போராட்டம்

அந்தச் சந்தேகம் 1888ல் வெளியே வந்தது. ஒரு பிராமண மாணவர் கிறிஸ்தவராகப் போகிறார் என்ற பேச்சு பரவ, மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். மில்லர் கட்டிக்காத்த நம்பிக்கைக்கு அது பெரிய சோதனை. அடுத்த ஆண்டே, கொஞ்ச தூரத்தில் தங்கசாலைத் தெருவில் இந்து தியாலஜிக்கல் பள்ளியை சிவசங்கர பாண்டியா தொடங்கினார். மதம் கற்றுத்தரத்தான் வேண்டுமென்றால் எங்கள் மதத்தை நாங்களே கற்றுத்தருகிறோம் என்பதே அதன் செய்தி.

கட்டாய பைபிள் வகுப்புக்கு எதிரான குரலும் அடங்கவில்லை. விருப்பமில்லாத மாணவருக்கு விலக்கு வேண்டும் என்ற கோரிக்கையை 1910களில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி முன்னெடுத்தார்.

யாரும் எதிர்பாராத விளைவு

மில்லர் காலத்தின் கடைசியில் இந்தக் கல்லூரிக்கு வந்த மாணவர் ஒருவர், இந்து மதம் பற்றி மிஷனரிகள் வைத்த விமர்சனங்களைக் கேட்டு உறுத்தலானார். அது உண்மையா என்று தேடப்போய் வேதாந்தத்தைப் படித்தார். எம்.ஏ. ஆய்வுக் கட்டுரையையும் அதைப் பற்றியே எழுதினார். அவர்தான் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், பின்னாளில் குடியரசுத் தலைவர். இந்தியா ஆசிரியர் தினம் கொண்டாடுவது அவர் பிறந்த நாளில்தான். மாணவர்களை யோசிக்க வைத்ததில் மில்லரின் கல்லூரி ஜெயித்தது. அவர்கள் என்ன யோசிப்பார்கள் என்பது அவர் கையில் இல்லை.

கடைசிக் காலம்

1882ல் ஹண்டர் கல்விக் குழு உறுப்பினர், 1896ல் ஸ்காட்லாந்து சுயாதீன சபையின் தலைமைப் பொறுப்பு, 1901ல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் எனப் பதவிகள் தேடிவந்தன. உயிரோடு இருக்கும்போதே சென்னையில் அவருக்குச் சிலை வைத்தார்கள். 1907ல் நாடு திரும்பிய மில்லர், பார்வை இழந்த நிலையில் 1923ல் எடின்பரோவில் காலமானார். வயது 85.

வடசென்னைக்கு மிஞ்சியது என்ன?

1937ல் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்குப் போனது. 1940ல் பச்சையப்பன் கல்லூரியும் சேத்துப்பட்டுக்குப் போனது. மூன்றே ஆண்டுகளில் இரண்டு பெரிய கல்லூரிகள் ஜார்ஜ் டவுனை விட்டு வெளியேறின. அதன்பிறகு, 1950ல் பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயா கல்லூரி வந்தது. ஐகோர்ட்டுக்கு எதிரே ஆண்டர்சன் பெயரிலான தேவாலயம் இன்றும் நிற்கிறது. அதே ஸ்காட்லாந்து மிஷனின் டாக்டர் மட்டில்டா மேக்ஃபெயில் 1888ல் தொடங்கிய மருத்துவப் பணி, ராயபுரம் பக்கம் ரெய்னி ஆஸ்பத்திரியாகத் தொடர்கிறது.

அன்று கட்டாயமாக இருந்த அந்த பீரியட், இன்று பல கிறிஸ்தவக் கல்லூரிகளில் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. கிறிஸ்தவ மாணவர்களுக்கு வேதாகம வகுப்பு, மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. பிபிஏ மாணவருக்கும் அது உண்டு. மார்க் வராத பாடம் என்று பலர் கட் அடிப்பதும் உண்டு. மதத்தைத் திணிக்கக் கூடாது என்ற வாதம் ஜெயித்துவிட்டது, அது நியாயமும்கூட. ஆனால் வேலைக்கு ஆள் தயார் செய்வது மட்டும்தான் கல்லூரியின் வேலையா என்ற மில்லரின் கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.