காமிராவின் பின்னால் நின்றவர்

எழுத்தாளர் ஆவதற்கு என்ன வேண்டும் என்று கேட்டால் சிலர் கற்பனை வேண்டும் என்பர். சிலர் மொழிப் பயிற்சி வேண்டும் என்பர். வேறு சிலர் துன்பம் வேண்டும் என்பர். ஒரு காமிரா வேண்டும் என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் அயல்நாட்டுக்குச் சென்று காமிராவைக் கற்று, அந்தக் கல்வியின் பயனைத் தமிழ் உரைநடைக்குத் தந்த ஒருவர் நம்மிடையே வாழ்ந்தார். அவர்தான் ஏ. கே. செட்டியார். இயற்பியல் மாணவனாகிய எனக்கு முதலில் அவரிடம் ஈடுபாடு உண்டானது லென்சினால்தான். பிறகே அவருடைய எழுத்தைப் படித்தேன்.

செட்டியார் 1911-ஆம் ஆண்டு செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்தார். அண்ணாமலை கருப்பன் என்பதன் சுருக்கமே ஏ. கே. என்னும் எழுத்துகள். அக்காலத்தில் செட்டிநாட்டு இளைஞர்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறியது பெரும்பாலும் வட்டித் தொழிலுக்காகத்தான். இவரும் இரங்கூனுக்குப் போனார். ஆனால் அங்கே அவர் ஏற்றது 'தனவணிகன்' என்ற பத்திரிகையின் ஆசிரியர் பொறுப்பு. கணக்கேட்டைத் திறக்க வேண்டிய வயதில் அச்சுத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தார்.

1930-களின் நடுவில் அவர் ஜப்பானுக்குச் சென்று டோக்கியோவில் புகைப்படக் கலையை முறையாகப் பயின்றார். அடுத்து அமெரிக்கா சென்று நியூயார்க்கிலும் அதே கலையைக் கற்றார். பத்திரிகைக்காரர் ஒருவர் இரண்டு கண்டங்களில் புகைப்படம் கற்றது, தமிழர்க்கு அந்நாளில் புதுமை.

அன்றைய புகைப்படக் கலை இன்றுபோல் எளிதன்று. பிலிம் விலை கூடியது. ஒரு சுருளில் எத்தனை படம் என்பது எண்ணிக்கைக்கு உட்பட்டது. எடுத்த படம் எப்படி வந்திருக்கிறது என்பது இருட்டறையில் கழுவிய பிறகே தெரியும். ஆகவே பொத்தானை அழுத்துமுன் நெடுநேரம் பார்க்க வேண்டும். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, சட்டத்துக்குள் எது இருக்க வேண்டும், எதை வெளியே நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக இன்னொன்றும் உண்டு: படம் எடுப்பவன் படத்தில் இருக்க மாட்டான். இதனைச் செட்டியார் தம் வாழ்நாள் முழுவதற்கும் உரிய பாடமாகவே எடுத்துக்கொண்டார் எனலாம்.

1937-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து டப்ளின் நோக்கிச் சென்ற 'சமாரியா' என்ற கப்பலில் அவர் இருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்த நாள். அடிகளின் வாழ்க்கையை ஒரு முழுநீளச் செய்திப்படமாக ஆக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கப்பலில்தான் அவருக்குத் தோன்றியது. அப்போது அவருக்கு வயது 26 நிறையவில்லை. பெரும்பணமோ பெரிய நிறுவனமோ அவர் பின்னால் இல்லை.

அடுத்த மூன்றாண்டுகளில் இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் தென்னாப்பிரிக்காவிலுமாகச் சுமார் ஒரு லட்சம் மைல் அலைந்தார். முப்பது ஆண்டுக் காலத்தில் நூறு பேர் வெவ்வேறு இடங்களில் எடுத்திருந்த படச்சுருள்களைத் தேடித் திரட்டினார். திரண்டது 50,000 அடி. அதிலிருந்து 12,000 அடியைத் தேர்ந்தார். இங்கே என் பாடத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 படங்கள். பேசும் படம் நொடிக்கு 24 படங்கள் வீதம் ஓடுகிறது. ஆக நிமிடத்துக்கு 90 அடி. அந்த வேகத்தில் ஓட்டினால் 50,000 அடி என்பது ஒன்பது மணி நேரத்துக்கும் மேல்; 12,000 அடி என்பது இரண்டே கால் மணிக்குச் சற்றுக் குறைவு. உலகமெல்லாம் அலைந்து சேர்த்ததில் நான்கில் மூன்று பங்கை அவரே ஒதுக்கி வைத்தார் என்பது இதனால் விளங்குகிறது. சேர்ப்பதற்கு உழைப்புப் போதும். ஒதுக்குவதற்கு மனத்துணிவு வேண்டும்.

அந்தப் படம் 1940-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் சென்னை ராக்ஸி திரையரங்கில் வெளியாயிற்று. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம், அந்நிய ஆட்சி. அந்த நேரத்தில் காந்தியைத் திரையில் காட்டுவது சிறு செயலன்று. விடுதலையின்போது 1947-இல் இந்திப் பதிப்பும், 1953-இல் அமெரிக்காவில் ஆங்கிலப் பதிப்பும் வந்தன. பின்னர் படம் மக்கள் கண்ணிலிருந்து மறைந்தது. வரலாற்றறிஞர் ஆ. இரா. வேங்கடாசலபதி நெடுநாள் தேடியதன் பயனாக அமெரிக்கப் பதிப்பு மீண்டும் தெரியவந்தது. படம் உருவான வரலாற்றைச் செட்டியாரே எழுதிய கட்டுரைகள், அவர் பதிப்பில் 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற நூலாக 2003-இல் வெளிவந்தன. வெளியிட்டது நம் நாகர்கோவிலின் காலச்சுவடு பதிப்பகம் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

இனி அவருடைய எழுத்துக்கு வருவோம். 1940-இல் வந்த 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற நூலின் பெயரே அவருக்குப் பட்டப் பெயராகவும் நிலைத்தது. 1943-இல் 'குமரி மலர்' என்ற இதழைத் தொடங்கி 1983-இல் மறையும்வரை நடத்தினார். குமரிக்கரையில் வாழும் நமக்கு அந்தப் பெயரே நெருக்கமானது. தமிழ்நாட்டைப் பற்றிப் பலர் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்து 1968-இல் ஒரு பெருநூலாகவும் தந்தார்.

அவருடைய பயணக் கட்டுரைகளைப் படிக்கும்போது ஒரு வியப்பு ஏற்படுகிறது. இத்தனை நாடுகளுக்குப் போன மனிதர் தம்மைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே சொல்வதில்லை. எதிரே வந்த மனிதர்களையும், அவர்கள் உண்பதையும் உடுப்பதையும், கடல் கடந்த ஊர்களில் வாழும் தமிழர்களையும் சின்னச் சின்ன வாக்கியங்களில் காட்டிவிட்டு விலகிக்கொள்கிறார். காமிராவின் பின்னால் நின்று பழகியவர் பேனாவின் பின்னாலும் அப்படியே நின்றார் என்று எனக்குத் தோன்றுகிறது.

செட்டியார் நாவலாசிரியராகப் புகழ் பெற்றவர் அல்லர். அப்படியிருக்கக் கதை எழுத விரும்பும் மாணவனுக்கு அவர் எப்படி ஆசானாவார் என்று நண்பர்கள் கேட்கலாம். கதைக்கு முதல் தேவை கண்தானே! அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன் 1902-இல் இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதிச் சேரிகளில் தங்கிப் புகைப்படம் எடுத்தார். 1904-இல் ருஷ்ய-ஜப்பானியப் போருக்குச் செய்தியாளராகச் சென்றும் படமெடுத்தார். 1907-இல் சிறு படகில் பசிபிக் தீவுகளுக்குப் புறப்பட்டபோதும் காமிரா உடனிருந்தது. அந்தத் தீவுகளின் வாழ்க்கையே 1911-இல் சிறுகதைத் தொகுதியாக வந்தது. அயலூரில் காமிரா வழியாகப் பார்த்துப் பழகிய கண், கதைக்கும் உதவும் என்பதற்கு அவர் ஒரு சான்று.

இதை என் வீட்டிலேயே நான் கண்டேன். என் தந்தையார் கோட்டாறு கம்போளத்தில் சுமை தூக்குகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். என் தாய்மாமா குவைத்தில் வெல்டர். நம் மாவட்டத்தில் இப்படி ஒரு மாமா இல்லாத தெரு ஏது? அவர் அனுப்பும் படங்களிலெல்லாம் உயர்ந்த கட்டிடம், பளபளக்கும் கார், நடுவில் அவர். ஒரு நாள் வந்த படம் மட்டும் அவர் தங்குமிடத்தில் எடுத்தது. மாமா சிரித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் ஒரு மூலையில், குறுக்கே கட்டிய கொடியில், ஒரே நிறத்தில் எட்டு வேலைச் சட்டைகள் காய்கின்றன.

ஆச்சி அந்தப் படத்தைக் கிட்டப் பிடித்தும் எட்டப் பிடித்தும் பார்த்தாள். மகன் மெலிந்ததைப் பற்றிக் கேட்கவில்லை. கட்டிடத்தைப் பற்றியும் கேட்கவில்லை. இந்த ஒரு முறியிலேயா எட்டுப் பேரும் கிடக்கிறார்கள் என்று மட்டும் கேட்டாள். வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை. அந்த எட்டுச் சட்டைகளில் ஒன்றுதான் நான் கல்லூரியில் கட்டும் கட்டணம் என்பது எனக்கு அப்போது உறைத்தது. மாமா காட்ட விரும்பாததை அவருடைய காமிரா காட்டிவிட்டது. படிக்காத ஆச்சி அதனைப் படித்துவிட்டாள்.

அன்று இரவே அந்தக் கொடியை வைத்து ஒரு சிறுகதை எழுதத் தொடங்கினேன். கதையில் நானும் இல்லை, குவைத்தின் கோபுரங்களும் இல்லை. எட்டுச் சட்டைகளும் அவற்றுக்கு உரிய எட்டு ஆட்களும் மட்டுமே. எட்டில் மூன்று பேரைத்தான் இதுவரை எழுத முடிந்திருக்கிறது. மற்ற ஐவரைப் பற்றி மாமாவிடம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொலைபேசியில் கேட்டு வருகிறேன். அவரும் இப்போதெல்லாம் கட்டிடங்களின் படத்தை அனுப்புவதில்லை. அடுப்பு, அடுக்குக் கட்டில், உடன் தங்கும் பெரியவர் பேரனுக்கு வாங்கி வைத்திருக்கும் செருப்பு என்று அனுப்புகிறார்.

எழுதுவதற்கு வெளிநாடு போக வேண்டும் என்பதில்லை. போனவர்கள் அனுப்பும் படங்கள் நம் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் நிறைந்து கிடக்கின்றன. அவற்றில் நடுவில் நிற்பவரைப் பார்த்துவிட்டு மூலைகளையும் பார்ப்போம். செட்டியார் ஒரு லட்சம் மைல் அலைந்து 12,000 அடி தேர்ந்தார். நாம் இருந்த இடத்திலிருந்தே ஒரு நல்ல கதையைத் தேரலாம். அவருடைய நூல்கள் நூலகங்களில் உள்ளன. எடுத்துப் படியுங்கள், நண்பர்களே.

— இரண்டாம் ஆண்டு இளநிலை அறிவியல் (இயற்பியல்) மாணவன், கோட்டாறு