பதவியை விட்டுப் பள்ளிக்கு வந்த அஸீஸ்

இலங்கை முஸ்லிம்களின் கல்வி வரலாற்றில் மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களின் பெயர் தனித்து நிற்கும். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911-இல் பிறந்தவர். முதலில் குர்ஆன் மதரஸாவில் ஓதினார். பின்பு வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்றார். சைவப் பிள்ளைகளோடு சேர்ந்து கற்ற அந்தத் தமிழை அன்னார் கடைசிவரை கைவிடவில்லை.

1935-இல் சிலோன் சிவில் சர்வீஸில் சேர்ந்தார். அதில் அமர்ந்த முதல் முஸ்லிம் அவர்தாம். இங்கே ஐ.சி.எஸ். என்றால் அக்காலத்தில் என்ன மதிப்போ, அங்கே அதற்கு அதே மதிப்பு.

யுத்த காலம். பர்மா அரிசி வருவது நின்றுவிட்டது. உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காக 1942-இல் அவரைக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பினார்கள். அவருடைய முயற்சியில் விளைந்த வயல்வெளி ஒன்றுக்கு மக்கள் அஸீஸ் துரைக் கண்டம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் நெல்லைக் காட்டிலும் அவரை வருத்திய கவலை வேறு. அப்பகுதி முஸ்லிம் பிள்ளைகளுக்கு அறிவு இருந்தது. மேலே படிக்க வசதி இல்லை. சுவாமி விபுலாநந்தரோடும் கவிஞர் அப்துல் காதர் லெப்பையோடும் பழகியது அங்கேதான். 1945-இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவினார். ஏழை மாணவர் பலர் அதன் உதவியால் உயர்கல்வி பெற்றனர்.

1948-இல் அந்த உத்தியோகத்தையே துறந்து, ஜனாப் டி.பி. ஜாயாவுக்குப் பின் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். அப்போது வயது முப்பத்தாறு! நம் வீட்டுப் பிள்ளை கலெக்டர் வேலையை விட்டுவிட்டு வாத்தியாராகப் போகிறேன் என்றால் நாம் என்ன சொல்வோம்? கடியப்பட்டணம் போன்ற நம் கடலோர ஊர்களில் பள்ளிப் படிப்பு முடிந்ததும் பையனுக்குப் பாஸ்போர்ட் எடுக்கத்தானே ஓடுகிறோம். அன்னாரோ 1961 வரை அங்கேயே இருந்து, அக்கல்லூரியைத் தலை நிமிரச் செய்தார். முஸ்லிமல்லாத பிள்ளைகளும் படித்தார்கள். பிற்காலத்தில் பேராசிரியராகப் புகழ்பெற்ற கா. சிவத்தம்பி அவர்களுள் ஒருவர்.

1952-இல் செனட் உறுப்பினரானார். இலங்கை முஸ்லிம்களின் தாய்மொழி தமிழே என்பதில் உறுதியாக நின்றவர். 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற கொள்கை வந்தபோது, தாம் சார்ந்திருந்த ஐக்கிய தேசியக் கட்சியை விட்டு விலகினார். இலங்கையில் இஸ்லாம் என்ற தம் நூலையும் தமிழிலேயே எழுதினார்.

1973 நவம்பர் 24-இல் வபாத்தானார்கள். அல்லாஹ் அன்னாரின் பிழை பொறுத்து மறுமையை ஒளியாக்குவானாக! யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1980-இல், மறைவுக்குப் பின், அவருக்குக் கலாநிதிப் பட்டம் அளித்தது.